மேல்முறையீட்டிற்கு முன் நம் கணக்கைச் சரிபார்ப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பொதுக்குழுவில் இமாமுக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது துஆவுக்கான ஐந்து நிமிடம். இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர் அரை மணி நேரம் தந்து, நாம் வாங்கியுள்ள கட்டடத்திற்குக் கவுன்சில் திட்ட அனுமதி மறுத்தது குறித்துப் பேசுமாறு பணித்துள்ளார்கள். அந்த மறுப்பைக் கேட்ட நாள் முதல் நம்மில் பலருக்கு உறக்கம் சரியாக இல்லை. அந்தக் கட்டடத்தை வாங்குவதற்காக வண்டியோட்டும் சகோதரர்கள் இரவுப் பணி செய்து சேர்த்த பணத்தைக் கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்திருக்கிறார்கள். சகோதரிகள் தம் வளையல்களைக் கழற்றித் தந்திருக்கிறார்கள். கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. காப்பீட்டுத் தொகையும் காவல் செலவும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே மனம் கொதிப்பது இயல்பே. ஆயினும் கொதிக்கும் மனத்தோடு எடுக்கும் முடிவு நன்மை பயப்பது அரிது. எனவே நடந்தவற்றை முறையாக நினைவுகூர்ந்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்து, அதன்பின் மஷூரா செய்வோம்.

நடந்தது என்ன?

நாம் வாங்கியது இரண்டு மாடி கொண்ட பழைய அலுவலகக் கட்டடம். இங்கிலாந்தின் சட்டத்தில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் ஒரு பயன்பாட்டு வகை உண்டு. 2020 செப்டம்பர் முதல் அலுவலகமும் கடையும் 'ஈ' என்னும் வகையிலும், வழிபாட்டுத் தலம் 'எஃப் 1' என்னும் வகையிலும் அடங்குகின்றன. ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்ற வேண்டுமானால், சுவரில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும், கவுன்சிலின் திட்ட அனுமதி தேவை. இதைத்தான் நாம் 'பிளானிங் பெர்மிஷன்' என்கிறோம். அதற்காக விண்ணப்பித்தோம். கவுன்சிலின் அதிகாரி ஆராய்ந்து, சில நிபந்தனைகளோடு அனுமதி தரலாம் என்றே பரிந்துரைத்தார். எனினும் கவுன்சிலர்கள் அமர்ந்த குழு, வாக்கெடுப்பில் அதனை மறுத்துவிட்டது.

மறுப்புக் கடிதத்தில் மூன்று காரணங்கள் எழுதப்பட்டுள்ளன. முதலாவது, வெள்ளிக்கிழமைகளில் வாகன நெரிசல் ஏற்படும் என்பதும், வருவோர் பற்றி நாம் கொடுத்த எண்ணிக்கையை நம்ப இயலவில்லை என்பதும். இரண்டாவது, பின்புறத்து வீடுகளில் வாழ்வோருக்கு இரவிலும் அதிகாலையிலும் ஓசையால் இடையூறு நேரும் என்பது. மூன்றாவது, அலுவலகத்திற்குரிய இடம் குறைந்து போகிறது என்பதும், அலுவலகமாக நடத்த எவரும் முன்வரவில்லை என்பதற்கு நாம் சான்று தரவில்லை என்பதும்.

இந்தக் கடிதத்தைப் பலரும் முழுமையாகப் படிக்கவில்லை. "பள்ளிவாசல் என்பதால் மறுத்துவிட்டார்கள்" என்ற ஒரு வாக்கியமே நம்மிடையே பரவியது. கவுன்சிலுக்கு வந்த ஆட்சேபக் கடிதங்கள் அனைத்தையும் நாம் ஒன்றுவிடாமல் படித்தோம். சிலவற்றில் வெறுப்பு இருந்தது உண்மை. அவற்றை எழுதியவர்களின் கணக்கு இறைவனிடம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கடிதங்கள் வாகனத்தைப் பற்றியே பேசின. அவற்றுள் ஒன்று, நாம் ஜும்ஆவுக்கு வாடகைக்கு எடுத்திருக்கும் மண்டபத்தின் எதிர்வீட்டில் வாழும் ஒரு மூதாட்டி எழுதியது. ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய கணவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வந்த வாகனம், வாசலை மறித்து நின்ற ஒரு காரால் இருபது நிமிடம் தெருவில் காத்து நின்றது என்று எழுதியிருந்தார். அந்தக் காரின் உரிமையாளர் அப்போது நம் ஸஃப்பில் நின்று தொழுதுகொண்டிருந்தார்.

அறுபது என்னும் எண்

இனி நாம் சொல்லப்போவது நமக்குச் சொல்வதற்குக் கடினமானது.

விண்ணப்பத்தில், ஒரே நேரத்தில் வருவோர் அதிகப்படியாக 60 பேர் என்று எழுதப்பட்டிருந்தது. நமது ஜும்ஆவுக்கு வருவோர் ஏறத்தாழ 140 பேர். ஆட்சேபம் தெரிவித்தவர்களில் ஒருவர் நம் மண்டப வாசலில் இருந்து வெளியேறுவோரைப் படமெடுத்து, எண்ணி, கவுன்சிலர்களின் முன் வைத்துவிட்டார். அதன்பின் நாம் சொன்ன மற்ற எதையும் அவர்கள் நம்பவில்லை.

அந்த அறுபது என்ற எண்ணைச் சொன்னவர் யார் என்று சிலர் செயலாளரைக் குறை கூறுகிறார்கள். சிலர் விண்ணப்பம் தயாரித்த ஆலோசகரைக் குறை கூறுகிறார்கள். அதைச் சொன்னது நாமே. இங்கே 'நாம்' என்றது ஜமாஅத் முழுவதையும் குறிப்பதற்கன்று. உங்கள் முன் நிற்கும் இந்த இமாமைக் குறிப்பதற்கே. ஆலோசகர் கேட்டபோது எல்லோரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். சாதாரண நாட்களில் இஷாவுக்கு வரக்கூடியவர்களை மனத்தில் வைத்து, "அறுபது பேர் வருவார்கள்" என்றோம். அவர் கேட்டது வெள்ளிக்கிழமைத் தொகையை என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. எண் சிறியதாக இருந்தால் காரியம் எளிதாகும் என்று மனம் சொல்லிற்று. நாவும் அதற்கு உடன்பட்டது. பொய்ச் சாட்சியத்தின் கேட்டைப் பற்றி ஆண்டுதோறும் மிம்பரில் பேசும் நாமே இவ்வாறு செய்தோம். இறைவனிடம் தவ்பா செய்திருக்கிறோம். இன்று உங்களிடமும் மன்னிப்புக் கோருகிறோம். இதை ஒப்புக்கொள்ளாமல் மேல்முறையீட்டைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை.

மேல்முறையீடு எவ்வாறு நடைபெறுகிறது?

மேல்முறையீடு என்பது கவுன்சிலின் மீது புகார் கொடுப்பது என்றே பலர் எண்ணுகிறார்கள். அது அவ்வாறன்று. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தின் 78ஆம் பிரிவு, அனுமதி மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்கு மேல்முறையீட்டு உரிமையைத் தருகிறது. நிபந்தனைகள் பாரமாக இருந்தாலும், உரிய காலத்திற்குள் கவுன்சில் முடிவே சொல்லாமல் இருந்தாலும்கூட அவ்வுரிமை உண்டு. சாதாரண விண்ணப்பத்திற்கு எட்டு வாரமும், பெருந்திட்டங்களுக்குப் பதின்மூன்று வாரமும் கவுன்சிலுக்குரிய காலம் என்பது பொது விதி.

மேல்முறையீட்டை விசாரிப்பது கவுன்சிலோ நீதிமன்றமோ அன்று. பிரிஸ்டல் நகரில் தலைமையகம் கொண்ட பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்னும் அரசு அமைப்பு, ஓர் இன்ஸ்பெக்டரை நியமிக்கும். பெரும்பாலானவை எழுத்து வாதங்களைக் கொண்டே முடிக்கப்படுகின்றன. சிலவற்றிற்கு எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் விசாரணைக் கூட்டமும், மிகச் சிலவற்றிற்கு வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்யும் பொது விசாரணையும் நடைபெறும். இன்ஸ்பெக்டர் இடத்தை நேரில் பார்வையிடுவதும் உண்டு.

நம்மைப் போன்ற விண்ணப்பத்திற்குக் காலக்கெடு, மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஆறு மாதம். வீட்டை விரிவுபடுத்துவோருக்கு அது பன்னிரண்டு வாரமே. உங்களில் சிலர் வீட்டின் பின்புறத்தில் அறை கட்டுவதற்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். இதை நினைவில் கொள்ளுங்கள். மேல்முறையீட்டிற்கு அரசுக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு தரப்பும் தன் செலவைத் தானே ஏற்க வேண்டும். நியாயமற்ற முறையில் நடந்துகொண்டு எதிர்த்தரப்புக்கு வீண்செலவு வைத்தவர் கவுன்சிலாயினும் விண்ணப்பதாரராயினும், அச்செலவைத் தருமாறு கட்டளையிட இயலும்.

இன்னொன்றும் அறிய வேண்டியது. மேல்முறையீட்டு உரிமை விண்ணப்பதாரருக்கு மட்டுமே உண்டு. கவுன்சில் அனுமதி தந்திருந்தால், அதனை எதிர்த்த அண்டை வீட்டார் இன்ஸ்பெக்டரிடம் மேல்முறையீடு செய்ய இயலாது. இன்ஸ்பெக்டரின் முடிவிலும் சட்டப் பிழை இருந்தால் மட்டுமே, ஆறு வாரத்திற்குள் உயர்நீதிமன்றத்தை நாடலாம். ஆக, நமக்குள்ள இந்த உரிமை அவர்களுக்கு இல்லாத உரிமை. அதைக் கையாளும்போது நாம் அதிகக் கவனத்துடன் இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் எதைப் பார்ப்பார்? உள்ளூர் வளர்ச்சித் திட்டத்திற்கு இணங்கவே முடிவெடுக்க வேண்டும்; அதற்கு மாறாகச் செல்லத் திட்டம் சார்ந்த வேறு தக்க காரணம் வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. வாகனம், சாலைப் பாதுகாப்பு, ஓசை, அண்டை வீட்டாரின் வாழ்வு, வேலைவாய்ப்புக்குரிய இடம் ஆகியவை அவர் கருதும் பொருள்கள். அண்டை வீட்டின் விலை குறையும் என்பதோ, வருவோர் எந்த மதத்தினர் என்பதோ மறுப்பதற்குக் காரணம் ஆகாது. அதுபோலவே, நாம் எவ்வளவு தியாகம் செய்து கட்டடத்தை வாங்கினோம் என்பதும் அவருடைய தராசில் பெரிதாக எடை பெறாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், நம் வழிபாட்டுத் தேவையையும் கருத்தில் கொள்ளுமாறு அவரைப் பணிக்கிறது. ஆனால் அனுமதி தந்தே தீர வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை.

மேலும், மேல்முறையீடு இரண்டாவது விண்ணப்பம் அன்று. கவுன்சில் எந்தத் திட்டத்தைப் பார்த்து மறுத்ததோ, அந்தத் திட்டத்தையே இன்ஸ்பெக்டர் பார்ப்பார். இடையில் திட்டத்தின் உருவத்தை மாற்றிக்கொள்ள நமக்கு இடமில்லை. விட்டுப்போன சான்றையெல்லாம் அப்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பதும் தவறு.

பிறர் அனுபவம்

இந்நாட்டில் இந்தப் பாதையில் நமக்கு முன்னே சென்றவர்கள் உண்டு.

டட்லி நகரில் ஒரு பள்ளிவாசல் திட்டத்தை உள்ளூர் கவுன்சில் 2007இல் மறுத்தது. பல்லாயிரம் பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டிருந்தனர். அங்குள்ள முஸ்லிம் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2008இல் இன்ஸ்பெக்டர் அனுமதி வழங்கினார். கவுன்சில் உயர்நீதிமன்றம் சென்றும் 2009இல் அம்முடிவே நிலைத்தது. கையெழுத்துகளின் எண்ணிக்கை தீர்ப்பாகிவிடாது என்பதற்கு இது சான்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த நிலம் கவுன்சிலிடமிருந்து ஓர் ஒப்பந்தத்தின்படி பெறப்பட்டது. குறித்த நாளுக்குள் கட்டி முடிக்காவிடில் கவுன்சில் நிலத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அதன் நிபந்தனை. அந்த நாள் கடந்துவிட்டது. திட்ட அனுமதியில் வென்ற சங்கம், நிலத்தின் ஒப்பந்த வழக்கில் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. மேல்முறையீட்டில் வெல்வதும் பள்ளிவாசல் எழுவதும் ஒன்றல்ல என்பதை நாம் இதிலிருந்து கற்க வேண்டும்.

மற்றொரு நிகழ்வு நம் அண்டை மதத்தாருடையது. வாட்ஃபோர்டுக்கு அருகில் லெச்மோர் ஹீத் என்னும் சிற்றூரில் பக்திவேதாந்த மாளிகை என்ற கிருஷ்ணர் கோயில் உள்ளது. பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் வாங்கிக் கொடுத்த மாளிகை அது. திருவிழா நாட்களில் பல்லாயிரம் பேர் வந்ததால், ஊரின் குறுகிய தெருக்கள் நிரம்பி வழிந்தன. பொதுமக்கள் வழிபாட்டை நிறுத்துமாறு கவுன்சில் அமலாக்க நோட்டீஸ் கொடுத்தது. அவர்கள் மேல்முறையீடு செய்து தோற்றார்கள். வழிபாட்டு உரிமை பறிக்கப்படுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் வரை சென்றார்கள். அங்கும் 1994இல் ஏற்கப்படவில்லை. இறுதியில், ஊருக்குள் நுழையாமலேயே கோயிலை அடையும் தனிப்பாதை ஒன்றை அமைப்பதாகத் திட்டம் தந்தார்கள். பொது விசாரணை நடைபெற்று, 1996இல் அமைச்சர் அனுமதி வழங்கினார். உரிமை முழக்கத்தால் திறக்காத கதவு, ஊராரின் தொல்லைக்கு வழி கண்டபின் திறந்தது. இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது.

நம் முன்னோர் காட்டிய வழி

பள்ளிவாசல் என்னும் புனித நோக்கம், பிறர் உரிமையை மறக்க நமக்குச் சலுகை தருவதில்லை. மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசல் எழுப்பத் தேர்ந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. இலவசமாகத் தர முன்வந்தும் அவர்கள் ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அந்தப் பள்ளிவாசலை விரிவாக்க முற்பட்டபோது, அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இடையில் இருந்தது. விலைக்குக் கேட்டும் அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். அன்று ஆட்சியும் கலீஃபாவின் கையில், நோக்கமும் இறையில்லம். ஆயினும் உமர் (ரலி) அவர்கள் வீட்டை இடிக்கவில்லை. இருவரும் உபை பின் கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றார்கள். உரிமையாளர் இசையாமல் வீட்டை எடுக்கும் அதிகாரம் கலீஃபாவுக்கு இல்லை என்று நடுவர் தீர்ப்பளித்தார். கலீஃபா அதற்குப் பணிந்தார். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பின், அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்த வீட்டை முஸ்லிம்களுக்காகத் தாமே மனமுவந்து கொடுத்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஆலிம் ஸனது பெறும் முன்பே இந்நிகழ்வை நாம் படித்திருக்கிறோம். அப்போதெல்லாம் அப்பாஸ் (ரலி) அவர்களின் வள்ளன்மையே நம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோதுதான், தமக்கு எதிரான தீர்ப்பைக் கேட்டு அமைதியாக எழுந்து சென்ற கலீஃபாவின் நிலை நமக்குப் புலப்பட்டது.

இரண்டு கருத்துகள்

இனி, நம் ஜமாஅத்தில் நிலவும் இரண்டு கருத்துகளுக்கு வருவோம்.

முதலாவது, "அனுமதி இல்லாவிட்டாலும் தொழுகையைத் தொடங்கிவிடுவோம், யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்" என்பது. இதைச் சொல்லும் இளைஞர்களின் ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் அனுமதியின்றிப் பயன்பாட்டை மாற்றினால் கவுன்சில் அமலாக்க நோட்டீஸ் அனுப்பலாம். அது நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே அதை எதிர்த்து மேல்முறையீடு சென்றடைய வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் ஏற்கப்படாது. நடைமுறைக்கு வந்தபின் மீறினால் அது குற்ற வழக்காகும். இந்நாட்டில் குடியேறியபோது இதன் சட்டத்திற்குக் கட்டுப்படுவதாக நாம் வாக்களித்திருக்கிறோம். வாக்குறுதியைப் பேணுவது நமக்கு மார்க்கக் கடமை.

இரண்டாவது கருத்து சற்று நுட்பமானது. "அதிகாரியே அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறார். இப்போதுள்ள காகிதங்களோடு உடனே மேல்முறையீடு செய்தால் வெல்வோம்" என்பது. வெல்லவும் கூடும். ஆனால் அந்த அதிகாரியின் பரிந்துரை எதன் மேல் நின்றது? நாம் சொன்ன அறுபதின் மேல் நின்றது. அவருடைய அறிக்கையிலேயே, ஒரே நேரத்தில் 60 பேருக்கு மேல் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்னும் நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. நாம் வென்றால் அந்த நிபந்தனையோடு வெல்வோம். பிறகு முதல் வெள்ளிக்கிழமை 61ஆவதாக வரும் சகோதரரை வாசலில் நிறுத்தி, "உள்ளே இடமிருக்கிறது, ஆனால் நீங்கள் வர முடியாது" என்று சொல்வது யார்? தொண்டராக நிற்கும் இளைஞனா? இமாமா? அல்லது எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு, வாரந்தோறும் நிபந்தனையை மீறிக்கொண்டே, வாக்குத் தவறாமை குறித்து குத்பா ஓதுவதா? நிபந்தனையை மீறினால் கவுன்சில் தரக்கூடிய நோட்டீஸ் ஒன்று உண்டு. அதற்கு எதிராக மேல்முறையீடே கிடையாது.

நேரமும் அவ்வாறே. விண்ணப்பத்தில் காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை என்று எழுதிவிட்டோம். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் காலை 4.45க்கு முன்பே உதித்துவிடுகிறது. சுபுஹுத் தொழுகையை அதற்கு முன் முடிக்க வேண்டும். சூரியன் மறைவது இரவு 9.20 அளவில், இஷா ஜமாஅத் முடிந்து மக்கள் வெளியேற 11 மணி கடந்துவிடும். 2015இல் ரமலான் ஜூன் மத்தியில் தொடங்கியது; தராவீஹ் நள்ளிரவைத் தாண்டிய அந்த இரவுகள் பலருக்கும் நினைவிருக்கும். ரமலான் இப்போது குளிர்காலத்தில் வருவதால் நாம் அதை மறந்துவிட்டோம். திட்ட அனுமதி நிலத்தோடு நிலைத்திருப்பது. நம் பிள்ளைகள் கோடையில் நோன்பு நோற்கும் காலத்திலும் இந்த நிபந்தனை அந்தச் சுவரில் எழுதியிருக்கும்.

நாம் பரிந்துரைப்பது

ஆகவே நமது பணிவான கருத்து இது. உண்மையான எண்ணிக்கையோடும் உண்மையான நேரத்தோடும் புதிய விண்ணப்பம் ஒன்றைத் தருவோம். மறுக்கப்பட்டவர் ஓராண்டிற்குள் கட்டணமின்றி மறுபடி விண்ணப்பிக்கும் சலுகை முன்பு இருந்தது. அது 2023 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டதால், கட்டணத்தை மீண்டும் செலுத்த வேண்டும். அதில் நம் பங்காக, இமாமின் ஒரு மாத ஊதியத்தை ஏற்றுக்கொள்ளுமாறு நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். தவறான எண்ணைச் சொன்னவர் அதன் செலவில் பங்கேற்பது முறை.

முதற் காரணத்திற்கு விடையாக, தொடர்ந்து நான்கு வெள்ளிக்கிழமைகள் வருவோரையும் அவர்கள் வந்த விதத்தையும் எண்ணி எழுதுவோம்: காரில் எத்தனை பேர், பேருந்தில் எத்தனை பேர், நடந்து எத்தனை பேர். அந்தக் கணக்கை நாமே செய்யாமல், போக்குவரத்து ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு செய்விப்போம். ஜும்ஆவை இரண்டு ஜமாஅத்தாகப் பிரித்தால் ஒரே நேரத்தில் வருவோர் 70 அல்லது 80 என்று அமையும். இரண்டாம் ஜும்ஆ வேண்டாம் என்று கூறி வந்த பெரியோர்கள், இடநெருக்கடியைக் கருதி இசைந்து தருமாறு வேண்டுகிறோம்.

இரண்டாம் காரணத்திற்கு, பின்புற வாசலை இரவிலும் அதிகாலையிலும் மூடி வைத்து, சாலையை நோக்கிய முன்வாசலை மட்டும் பயன்படுத்துவதாகவும், வெளியே ஒலிபெருக்கி வைப்பதில்லை என்றும் நாமே முன்வந்து எழுதுவோம். கோடை மாதங்களின் சுபுஹுக்கும் இஷாவுக்கும் தனி நேரமும் குறைந்த எண்ணிக்கையும் கேட்போம். மூன்றாம் காரணத்திற்கு, நமக்கு விற்றவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடகை விளம்பரம் செய்தும் எவரும் வராத பதிவுகள் முகவரிடம் உள்ளன. அவற்றை முன்பே இணைத்திருக்க வேண்டும், இப்போது இணைப்போம்.

இதனால் மேல்முறையீட்டு உரிமையைக் கைவிடுகிறோம் என்று பொருளன்று. மறுப்புக் கடிதம் வந்து மூன்று மாதமும் பத்து நாளும் ஆகின்றன. எஞ்சிய நாட்களைச் செயலாளர் குறித்து வைத்திருக்கிறார். புதிய விண்ணப்பத்தையும் கவுன்சில் மறுக்குமானால், அம்மறுப்பிலிருந்து மீண்டும் ஆறு மாதம் நமக்கு உண்டு. அப்போது இன்ஸ்பெக்டரிடம் செல்வோம். அன்று நம் கையில் உள்ள ஒவ்வொரு காகிதமும் உண்மையைச் சொல்லும். படமெடுத்து எண்ணுபவர் எண்ணட்டும். அவருடைய கணக்கும் நம்முடைய கணக்கும் ஒன்றாக இருக்கும். அப்போதும் தோல்வி நேர்ந்தால், உபை (ரலி) அவர்களின் தீர்ப்பைக் கேட்ட கலீஃபாவைப் போல ஏற்றுக்கொண்டு, வேறு இடம் தேடுவோம்.

இந்த வழி ஓராண்டுக்கு மேல் எடுக்கக்கூடும். கடன் கொடுத்த சகோதரர்களுக்கு அது பெருஞ்சுமை. எவருக்கேனும் அவசரத் தேவை இருந்தால் தயங்காமல் பொருளாளரிடம் சொல்லுங்கள். ஜமாஅத்தின் பொறுமைக்கு ஒரு ஏழைக் குடும்பம் விலை கொடுக்கக் கூடாது.

எதிர்வீட்டு மூதாட்டி

இறுதியாக ஒன்று. சென்ற மாதம் செயலாளரை அழைத்துக்கொண்டு அந்த மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றோம். கதவைத் திறந்தவர் முதலில் சற்றே அஞ்சினார். மன்னிப்புக் கேட்கவே வந்தோம் என்றதும் உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். கணவர் படுக்கையில் இருக்கிறார். "உங்கள் தொழுகை எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. வாசலை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றார். பதினொரு ஆண்டுகளாக அவர் வீட்டின் எதிரே தொழுகிறோம். அவருடைய கதவை நாம் தட்டியது அதுவே முதல் முறை.

அன்று முதல் இரு இளைஞர்கள் வெள்ளிதோறும் அவர் வாசலில் நின்று காவல் காக்கிறார்கள். அவர்கள் குத்பாவின் முற்பகுதியை இழக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் வருந்தினார். இரண்டாம் ஜும்ஆ தொடங்கினால் அந்தக் குறையும் நீங்கும், இன்ஷா அல்லாஹ்.

இவை நமது கருத்துகள். முடிவு உங்கள் மஷூராவுக்குரியது. மாற்றுக் கருத்து உடையோர் தயங்காமல் எழுந்து சொல்லுங்கள். இமாம் சொன்னார் என்பதற்காக எவரும் கை உயர்த்த வேண்டாம்.

வல்ல ரஹ்மானே! எங்கள் நாவின் பிழைகளை மன்னிப்பாயாக! கொடுத்தவர்களின் செல்வத்தில் பரக்கத் செய்வாயாக! எங்கள் அண்டை வீட்டார் எங்களால் நிம்மதி பெறும்படி எங்களை ஆக்குவாயாக! உன்னை வணங்க ஹலாலான ஓரிடத்தை எங்களுக்கும் எங்கள் சந்ததிகளுக்கும் அருள்வாயாக! ஆமீன்.